ஒன்பதாவது வீட்டின் மடை

பாலோ ஃபியரோ தெரு, ஃபீனிக்ஸ்
2018 மார்ச் 4

அருமை மருமகள் தெல்ஃபினாவுக்கு,

உன் தாய்மாமன் அன்செல்மோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சுகம். வலது முழங்கால் என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. டுலூத்தில் உன் சுகம் எப்படி? அங்கே தும்மினால் கைக்குட்டையில் கண்ணாடிக் குண்டு விழும் என்று கேள்வி. கம்பளியை அவிழ்க்காதே.

உன் அம்மா எர்லிந்தா போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. பூட்டிக் கிடக்கும் அவள் வீட்டுக் கொல்லையில் அவள் வைத்த பம்பளிமாஸ் மரத்துக்கு முறை தவறாமல் நான்தான் தண்ணீர் பாய்ச்சுகிறேன். மரம் இந்த வருடம் ராஜாங்கமாகக் காய்த்திருக்கிறது. ஒரு பழத்தைத் தூக்கி வைத்தேன், என் லாரியின் பின்சக்கரம் இரண்டும் பஞ்சர். சிறியதாகப் பார்த்து இருபத்து நான்கு பழம் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது அரசாங்க விஷயம். கால்வாய் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம் தெருவுக்கு வரும் கிளைக் கால்வாயில் தண்ணீர் எடுக்கும் வீடுகள் ஒன்பதுக்குக் குறைந்தால் கிளையை நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். எண்ணிப் பார்த்தேன். பதினாறு வீட்டில் ஏழு வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே தோட்டத்தில் ஜல்லி கொட்டி மொட்டையடித்துக்கொண்டார்கள். மீதி ஒன்பது. ஒன்பதாவது உன் அம்மா வீடு, அதாவது உன் வீடு. அது பட்டியலை விட்டுப் போனால் இரண்டு கோடையில் இந்தத் தெருவில் நிழல் என்று ஒன்று மிஞ்சாது. பல்லி கூட குடை பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

கெண்டல் புரூயிட் என்று ஒருவன் வாரம் தவறாமல் மஞ்சள் நிறத் தபால் அட்டை போடுகிறான். 'அன்புள்ள அன்செல்மோ, உங்கள் வீட்டை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன்' என்று, கையால் எழுதினாற்போல அச்சடித்து. எழுபத்தெட்டு வயதில் எனக்கு இவ்வளவு காதல் கடிதம் வந்ததில்லை. உனக்கும் போட்டிருப்பான். கிழித்து அடுப்பில் போடு.

விற்றவர்களை நான் சும்மா விடுவதில்லை என்பது ஊரறிந்த சேதி. பதினொன்றாம் எண் ஹால் கிரெப்னர் போன வருடம் அவனுக்கு விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போனான். அங்கே அறிவிப்புப் பலகையில், 'ஹால் கிரெப்னர் அக்கார்டியன் இலவசமாகக் கற்றுத் தருகிறார், எந்நேரமும் கதவைத் தட்டலாம்' என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். அந்தப் பாவிக்கு அக்கார்டியனில் எது முன்பக்கம் என்றே தெரியாது. நாற்பத்தொரு கிழவிகள் தட்டினார்களாம்.

நீ விற்கமாட்டாய். இருந்தாலும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
பாலைவனச் சக்கரவர்த்தி, மடைச் சாவியின் காவலர், தண்ணீர் முறைப் பட்டியலின் தலைவர்,
உன் மாமா அன்செல்மோ கீவிஸ்


டுலூத்
2018 மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் சமாதானம் ஆகியிருக்கும் என்று நம்புகிறேன்.

பழப்பெட்டி வந்தது. நான் வேலையில் இருந்தபோது வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மேலே இருந்த நான்கு உறைந்து கல்லாகிவிட்டன, மற்றவை நன்றாக இருந்தன. அம்மா செய்வதுபோல உப்பும் சில்டெபின் மிளகாய்த் தூளும் போட்டுத் தின்றேன். இங்கே இன்னும் பனிதான். பனி அள்ளும் வண்டிகளை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று சொல்வதுதானே என் வேலை, அதனால் ஓய்வில்லை.

பட்டியல் இன்னும் உங்கள் கையில்தானா? மடைச் சாவியும்? ஜூன் மாதத்தில் ஒரு வீட்டுக்கு எத்தனை முறை தண்ணீர் வரும் என்று மறந்துவிட்டது. எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெல்ஃபினா


பாலோ ஃபியரோ தெரு
2018 ஏப்ரல் 12

மருமகளே,

வலது முழங்கால் என்னோடு பேசத் தொடங்கிவிட்டது. பேசுவதெல்லாம் கெட்ட வார்த்தை. மற்றபடி சுகம். உன் சளி எப்படி என்று கேட்க நினைத்தேன், சளி இருப்பதாக நீ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் கேட்பது மாமனின் உரிமை.

பட்டியல் என் கையில்தான். இருபத்தாறு வருடமாக. சாவியும் என் கையில்தான். மூன்றடி இரும்பு, அதைத் தோளில் வைத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினால் நாய்கள் எழுந்து நிற்கும். ஜூனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அவரவர் வீட்டுக்கு முப்பது நிமிடம். கடிகாரம் தப்பினாலும் நான் தப்பமாட்டேன். போன ஜூனைப் போல ஒரு ஜூனை நான் கண்டதில்லை. வெயிலில் கோழி பொரித்த முட்டையாகவே இட்டது. அந்த வெயிலில் உன் அம்மா மரம்கூடக் கொஞ்சம் வாடிப்போனது. வெயில், வேறென்ன.

செவ்வாய்க்கிழமை ஒருவன் உன் அம்மா வீட்டைச் சுற்றி நாடா பிடித்து அளந்தான். ஓட்டை ஒழுகலைப் பார்க்க நீ அனுப்பிய ஆளா? எதிர்வீட்டு வெர்னா ஸ்டாடர்ட் ஜன்னலை விட்டு நகராமலே உலகத்தை ஆளுகிறவள். அவள் சொல்கிறாள்:

"அன்செல்மோ, ஓட்டை பாக்க வந்தவன் கூரை ஏறுவான். இவன் மரத்தச் சுத்தி அளக்குறான்டா."

"கிழவி, உன் கண்ணாடியத் தொடை."

"நான் தொடைச்சாச்சு. நீ உன் மருமகள்கிட்ட நேராக் கேளு."

நேராகக் கேட்கிறேன். நீ விற்கவில்லை அல்லவா? ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும்.

இன்னொரு தலைவலி. உன் அம்மாவின் அந்தப்பக்கத்து வீட்டுக்காரி வில்மா பெனாலி, முந்தைய சொந்தக்காரன் கொட்டிவிட்டுப் போன ஜல்லியை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி சோளம் போடுகிறாள். பட்டியலில் இல்லாதவளுக்குச் சோளம் எதற்கு? குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறாள். நான் கண்டுகொள்வதில்லை.

ஒன்பது வீடுகளின் ஒரே பாதுகாவலன்,
அன்செல்மோ


பாலோ ஃபியரோ தெரு
2018 மே 9

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தில் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மரத்தை வெட்டிவிட்டார்கள். மரம் அறுக்கும் யந்திரத்தோடு மூன்று பேர். நான் மடைச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்னால் ஓட முடியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் செருப்புப் போட்ட ஒரு பையன் நின்றான். தபால் அட்டைக் காதலன் கெண்டல் புரூயிட் அவன்தான்.

"நீங்கதான் அன்செல்மோவா சார்? உங்க வீட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"நிறுத்துடா அத. இது என் தங்கச்சி மரம்."

"இப்ப என்னோடது சார். பத்திரத்தப் பாருங்க. ஜல்லி போட்டா யாரும் தண்ணி ஊத்த வேணாம், வர்றவங்களுக்கும் வசதி."

பத்திரத்தைப் பார்த்தேன். உன் கையெழுத்து. தேதி பிப்ரவரி 27. அதாவது, 'நீ விற்கமாட்டாய்' என்று நான் உனக்கு எழுதியபோது நீ விற்று ஐந்து நாள் ஆகியிருந்தது. விற்ற கையால் என் பழத்தை உரித்து, மிளகாய்த் தூள் போட்டுத் தின்று, பட்டியல் உங்கள் கையில்தானா என்று கேட்டிருக்கிறாய்.

இப்போது எட்டு வீடு. அக்டோபர் கடைசியில் ஒன்பதாவது பெயர் இல்லையென்றால் கிளைக்குப் பூட்டு. வெர்னா, "வில்மாவச் சேத்துக்கோயேன்டா, அவ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தா" என்கிறாள். அந்தப் பேச்சு இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

பழிக்குப் பழி இரண்டு வாங்கப்போகிறேன். முதலில் வெள்ளைச் செருப்பு. பிறகு நீ. ஹால் கிரெப்னருக்கு நடந்தது தாலாட்டு என்று நினைத்துக்கொள்.

அன்செல்மோ கீவிஸ்


டுலூத்
2018 ஜூன் 2

மாமா,

நான் சுகம். உங்கள் சுகம் அறியக் கேட்கிறேன்.

ஆமாம், விற்றேன்.

ஜூன் வந்துவிட்டது. அங்கே நூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். வெயிலில் வாளி எதுவும் தூக்காதீர்கள்.

தெல்ஃபினா


பாலோ ஃபியரோ தெரு
2018 ஜூலை 15

விற்ற மருமகளுக்கு,

சுகம். பத்து வருடத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. முழங்கால்கள் இரண்டும் கைகோத்து நடனமாடுகின்றன. காரணம் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் அம்மா தோட்டம் முழுக்க வெள்ளை ஜல்லி கொட்டி, நடுவில் பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டான் வெள்ளைச் செருப்பு. தோட்டத்தைச் சுற்றியிருந்த வரப்பை மண்வெட்டியால் இழுத்துத் தரைமட்டமாக்கினான். மடையின் இரும்பு மூடியைத் திருகி அடைக்கவில்லை. அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. மேலேயே ஜல்லியைக் கொட்டிவிட்டான். கிளையில் தண்ணீர் வந்தால் திறந்து கிடக்கும் மடை எதுவோ அங்கேதான் முதலில் பொங்கும். இந்தத் தெருவில் பிறந்த பூனைக்கும் தெரிந்த விஷயம்.

நான் விதிப்படி நடப்பவன். தண்ணீர் திறப்பவன் மற்ற வீட்டுக்காரனுக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பது வழக்கம். தந்தேன். ஒன்றல்ல, மூன்று. அவனுடைய மஞ்சள் அட்டை மாதிரியே அட்டை வாங்கி, அவன் எழுத்து மாதிரியே எழுதினேன்: 'அன்புள்ள கெண்டல், உங்கள் வீட்டை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் முறைத் தண்ணீர் வருகிறது. உங்கள் மடை திறந்து கிடக்கிறது. தயவுசெய்து மூடவும்.' அஞ்சலில் ஒன்று, கதவில் ஒன்று, அவன் கையிலேயே ஒன்று கொடுத்தேன். பார்க்காமலே கசக்கி, "இந்த மாதிரிக் குப்பையெல்லாம் யார் சார் படிக்கிறா" என்றான். வெர்னா சாட்சி.

அந்தச் சனிக்கிழமை வீடு வாங்க வருகிறவர்கள் பார்வையிடும் நாள். வாசலில் பலூன். உள்ளே பிஸ்கட் வாசம். பட்டுச் சட்டை போட்டவர்கள் பன்னிரண்டு ஜோடி. பத்து மணி. நான் தெருமுனைக்கு நடந்தேன், சாவியைப் பொருத்தினேன், கிளையைத் திறந்தேன். வழக்கத்தைவிட ஒரு சொட்டு அதிகமில்லை.

முதலில் ஜல்லி முனகியது. பிறகு பிளாஸ்டிக் புல் நடுவில் வயிறு உப்பியது, எட்டு மாதக் கர்ப்பிணி போல. அதன்மேல் நின்று ஒரு அம்மாள், "இந்த ஏரியா ரொம்ப அமைதி போல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கார் கொட்டகையில் இறக்கியது. வரப்பு இல்லையல்லவா, தண்ணீர் நேராகக் கதவைத் தட்டியது. புதுத் தரைப்பலகை ஒவ்வொன்றாகக் கிளம்பித் தெருவுக்கு ஊர்வலம் வந்தது. பின்னாலேயே பலூன். பிஸ்கட்டை வாத்துகள் தின்றன. இந்தப் பாலைவனத்தில் வாத்து எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, என் வெற்றியைக் கேள்விப்பட்டு வந்திருக்கும். வெள்ளைச் செருப்பில் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

"சார், நிறுத்துங்க சார்" என்று ஓடிவந்தான்.

"முப்பது நிமிஷம் என் முறை. விதி விதிதான். நடுவுல நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல தம்பி."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவ சொன்னேன். குப்பைய யார் படிக்கிறா?"

தெருவே கைதட்டியது. வெர்னா மட்டும் தட்டவில்லை. ஜன்னலிலிருந்து கேட்டாள்: "மடையத் தொறந்து பழி வாங்கிட்ட, சரி. போன வருஷம் மூடி வச்சு வாங்கினியே, அது என்ன கணக்குடா?" வயதாகிவிட்டது அவளுக்கு. எதையாவது உளறுவாள்.

இனி உன் முறை. காத்திரு.

வெற்றிவீரன் அன்செல்மோ


டுலூத்
2018 ஆகஸ்டு 20

மாமா,

நீங்கள் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். நான் சுகமாக இல்லை. இதுவரை எழுதியதெல்லாம் வழக்கத்துக்காக.

வெர்னா உளறவில்லை. அம்மா போன வருடம் ஜூன் 24-ம் தேதி எனக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து எழுதுகிறேன்:

'வில்மாவின் சோளம் கருகுகிறது. பட்டியலில் சேர்த்துக்கொள் என்று அவள் இரண்டு தடவை அண்ணனிடம் கேட்டாள். இடமில்லை என்றான். நான் என் முறையில் பத்து நிமிடத் தண்ணீரை வரப்பை வெட்டி அவள் பக்கம் விட்டேன். என் தண்ணீர்தானே. அண்ணன் பார்த்துவிட்டான். முறையை மீறிய வீட்டுக்கு இரண்டு முறை தண்ணீர் கிடையாது, விதி விதிதான் என்று சொல்லி என் மடையைப் பூட்டிவிட்டான். கெஞ்சினால் திறப்பான். கெஞ்சப் பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் எடுத்துப்போய் மரத்துக்கு ஊற்றுகிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வாளி. கவலைப்படாதே.'

ஜூலை 3-ம் தேதி வாளியோடு விழுந்தாள். இடுப்பு முறிந்தது. வீட்டுக்குத் திரும்பவே இல்லை. எழுபத்து நான்கு வயதில் பன்னிரண்டு வாளி, மாமா. நீங்கள் எல்லோரிடமும் சொன்னது, 'கொல்லையில் கால் தவறிவிட்டது.' வாளி பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து நர்சுகளைச் சிரிக்க வைத்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். நீங்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

நீங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று அவள் சாகும்வரை காத்திருந்தேன். செத்தபிறகும் ஐந்து மாதம் காத்திருந்தேன். உங்களிடமிருந்து வந்ததெல்லாம் கதை.

எனக்குத் தபால் அட்டை போட்டவர்கள் பதினோரு பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: தோட்டத்தை என்ன செய்வீர்கள்? ஜல்லி என்றவன் புரூயிட் ஒருவன்தான். "அந்த மரத்த வேணும்னா விட்டுடறேன் மேடம்" என்றான். வெட்டுங்கள் என்றேன். அம்மா மரத்தை நான்தான் வெட்டச் சொன்னேன். உங்கள் பட்டியலில் ஒன்பதாவது வீடு எதுவென்று எனக்கு உங்கள் கடிதத்துக்கு முன்பே தெரியும். கால்வாய் ஆபீஸ் வீட்டுக்காரி என்ற முறையில் எனக்கும் எழுதியிருந்தது.

என்மேல் பழி வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் வாங்கி முடித்துவிட்டேன்.

தெல்ஃபினா


பாலோ ஃபியரோ தெரு
2018 அக்டோபர் 28

தெல்ஃபினா,

உன் கடிதம் வந்து ஒன்பது வாரம். பதினான்கு தடவை பதில் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மூன்றாவது வரியில் ஒரு நகைச்சுவை வந்து உட்கார்ந்துகொண்டது. கிழித்துவிட்டேன்.

வாளியைப் பார்த்தேன். என் சமையலறை ஜன்னலிலிருந்து உன் அம்மா கொல்லை தெரியும். நீல வாளி, கைப்பிடியில் துணி சுற்றியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு இல்லை, சில நாள் பதினைந்து. எண்ணினேன். இன்றைக்கு வந்து கேட்பாள், நாளைக்கு வந்து கேட்பாள் என்று காப்பியோடு உட்கார்ந்து எண்ணினேன். அவள் விழுந்ததையும் பார்த்தேன். பூட்டைத் திறந்துவிட்டுத்தான் அவளிடம் ஓடினேன். முதலில் பூட்டு, பிறகு தங்கை. இதை வெர்னாவிடம்கூடச் சொன்னதில்லை.

போன வாரம் வில்மா பெனாலி வீட்டுக் கதவைத் தட்டினேன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பட்டியலில் சேர்ந்துகொள்கிறாயா என்று கேட்டேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"ரெண்டு வருஷமா நான் கேட்டப்போ இடமில்லன்னீங்க."

"இருந்தது."

"தெரியும். உங்க தங்கச்சி பத்து நிமிஷம் தண்ணி குடுத்தாங்க. அதுக்கு நீங்க அவங்களுக்கு என்ன குடுத்தீங்கன்னும் தெரியும். சேர்றேன். உங்களுக்காக இல்ல, என் சோளத்துக்காக. ஆனா சாவி என்கிட்ட வரணும். பட்டியலும்."

"இருபத்தாறு வருஷமா என்கிட்ட—"

"அதனாலதான்."

கொடுத்துவிட்டேன். சாவியை வாங்கி, சோளத்தட்டை சாத்தி வைக்கும் மூலையில் சாதாரணமாகச் சாத்தினாள். அவள் தோட்டத்துக்கு வரப்பு கட்டத் தெரு முழுக்க மண்வெட்டியோடு வந்தது. நேற்று ஆபீஸ்காரன் வந்து எண்ணிவிட்டுப் போனான். ஒன்பது வீடு. கிளை இருக்கும். உன் பழி அந்த அளவுக்குத் தோற்றது, மன்னித்துக்கொள். மற்ற அளவுக்கு ஜெயித்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரத்தை வெட்டிய அன்று சந்தில் எறிந்திருந்த கிளைகளிலிருந்து நான்கு குச்சி எடுத்துவந்து, பீப்பாயில் இருந்த நாரத்தைக் கன்றில் மொட்டு வைத்து ஒட்டுக் கட்டினேன். மூன்று பட்டுப்போயின. ஒன்று பிடித்துக்கொண்டது. இப்போது ஒரு சாண், ஏழு இலை. ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்றால், அதுதான் உன்மேல் நான் வாங்கப்போன பழி. காய்த்ததும் உனக்கு ஒரு பழம்கூட அனுப்பாமல், தின்ற தோலைப் படமெடுத்து அனுப்புவதாக இருந்தேன். இனி அது உன் கன்று. வசந்தத்தில் என் தோட்டத்தில் வரப்புக்குள் நட்டு முறைத் தண்ணீர் விடலாமா? நீ சொல்.

மாமா


டுலூத்
2019 ஜனவரி 17

மாமா,

உங்கள் கடிதம் நவம்பர் முதல் வாரமே வந்தது. தினமும் வேலைக்குப் போகும்போது பையில் எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். இந்தக் கடிதத்தில் மன்னிப்பு இல்லை, தேடாதீர்கள். எனக்கும் யாரிடமாவது கேட்கவேண்டியிருக்கிறது, மரத்தைப் பற்றி. கேட்க ஆளில்லை.

கன்றை வரப்புக்குள் நடக்கூடாது. வாசல்பக்கம், தபால் பெட்டிக்கு அருகில், கால்வாய்த் தண்ணீர் எட்டாத இடத்தில் நடுங்கள். தபால்காரன் முதல் தெருவில் எல்லோருக்கும் தெரியட்டும். குழாய் இழுக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் தண்ணீர், வாளியில், உங்கள் கையால். பூட்டைத் திறக்க நீங்கள் யாரிடமாவது கெஞ்சவும் முடியாது, ஏனென்றால் பூட்டே இல்லை. அது முதல் பழம் காய்க்கும்வரை. நாலைந்து வருடம் ஆகும் என்று படித்தேன். அதுவரை சாகக்கூடாது. இதுதான் என் பழி, மற்றதெல்லாம் அவசரத்தில் வாங்கியது.

வாளி அம்மா வீட்டுப் பின்பக்கச் சாமான் அறையில் இருந்தது. புரூயிட் அதை எறிந்திருப்பான் என்று நினைத்து வெர்னாவிடம் போனில் கேட்டேன். எறிந்தான், அவள் எடுத்து வைத்திருக்கிறாள். வாங்கிக்கொள்ளுங்கள். வாளிகளை அவள் ஜன்னலிலிருந்து எண்ணுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

தெல்ஃபினா


பாலோ ஃபியரோ தெரு
2019 ஜூன் 24

தெல்ஃபினா,

சுகம் விசாரிக்கிறேன். என் சுகத்தை வாளியைக் கேட்டுத் தெரிந்துகொள்.

கன்று தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. முழங்கால் உயரம், முப்பத்தொரு இலை. இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. தபால்காரர், "ஏன் பெரியவரே, தெருவே தண்ணியில மிதக்குது, நீங்க மட்டும் சுமக்குறீங்க" என்று கேட்டார். முன்பென்றால் அவருக்கு ஒரு பொய் சொல்லியிருப்பேன், அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற மாதிரி. "தங்கச்சிக்கு" என்றேன். அவர் போய்விட்டார்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். கன்றுக்கு இரண்டு வாளி போதும். ஆனால் இன்று தேதி பார்த்தேன், உன் அம்மா வாளிக் கணக்கை உனக்கு எழுதிய தேதி, பன்னிரண்டு சுமந்து பார்ப்போம் என்று தோன்றியது. நான்காவதில் கைப்பிடித் துணி ஏன் என்று புரிந்தது. ஏழாவதில் படியில் உட்கார்ந்துவிட்டேன். வில்மா தன் வேலிக்குள் சோளத்துக்கு நடுவில் நின்று பார்த்தாள். வந்து தூக்கவில்லை. நல்லது.

வெர்னா ஜன்னலிலிருந்து, "ஏழு" என்றாள்.

எழுந்தேன்.

மாமா